மேல் வீட்டுச் சத்தம்

கூப்பிடாத நேரத்திலெல்லாம் வந்து நின்ற வலிப்பு, ஆஸ்பத்திரியே கூடி வா வா என்று காத்திருந்தபோது மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. மாத்திரையைக் குறைத்தார்கள், தூக்கத்தைக் குறைத்தார்கள். மண்டையோட்டில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, தலைமுடி கனத்துக்குக் கம்பிகளை உள்ளே இறக்கி, வெளியே தொங்கிய நுனிகளையெல்லாம் சடை மாதிரி சேர்த்துக் கட்டிச் சுவரில் இருந்த பெட்டியில் சொருகினார்கள். கூரை மூலையிலிருந்து ஒரு கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நானோ வேளாவேளைக்குப் பசி எடுத்து, காலாட்டிக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி கிடந்தேன்.

எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. என் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று என் காலடியில். இன்றைக்கு எங்கள் ஊர்ச் சாலைகளில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் வாயால் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கியிருக்க வேண்டியவர்கள். வலிப்பு வந்ததால் லைசென்ஸைப் பிடுங்கி மூன்று வருஷமாகிறது. இப்போது சர்ஜன் ஆசை காட்டியிருந்தார். வலிப்பு எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று கம்பிகள் காட்டிக்கொடுத்துவிட்டால், அந்த மூலையை வெட்டி எடுத்துவிடலாம். அப்புறம் ஒரு வருஷம் வலிப்பு வராமல் தாக்குப்பிடித்தால் மறுபடி என் சீட், என் பிரேக், என் வாய். அதற்காகத் தலையைக் கழற்றிக் கொடு என்றாலும் கொடுத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். அவருக்கு வலிப்பு, கம்பி, கேமரா எதுவும் பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்கு மொட்டை அடித்தவன் யார் என்பதுதான் அவர் கவலை.

"காதுக்குப் பின்னாடி பாரு, திட்டுத் திட்டா விட்டு வச்சிருக்கான். என்கிட்ட சொல்லியிருந்தா கண்ணாடி மாதிரி அடிச்சுக் குடுத்திருப்பேனே."

"போற எடத்துல எல்லாம் தொழில் பார்க்காதீங்க" என்றேன்.

இப்படி நாங்கள் வலிப்புக்காகக் காத்திருந்த நாட்களில்தான் ஆராய்ச்சிக்காரி வந்தாள். சின்ன வயசு, பேசும்போது பேனாவைக் கொண்டையில் சொருகுவதும் உருவுவதுமாக இருப்பாள். அவளுக்கு நான் வைத்த பேர் கம்பிக்காரி.

"சும்மா இருக்கிற நேரத்துல உங்க தலையைக் கொஞ்சம் எனக்குத் தரீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கோம்மா. பத்திரமா திருப்பிக் குடுத்துடு."

கம்பிகளின் நுனி மூளையின் ஆழத்தில், ஞாபகத்தைக் கவனித்துக்கொள்ளும் பகுதியில் உட்கார்ந்திருக்கிறதாம். அங்கே ஒரே ஒரு செல் துடிப்பதைக்கூடத் தனியாகக் கேட்கலாமாம். அதில் சில செல்கள் ஓர் ஆளுக்கென்றே துடிக்கும் என்றாள். அந்த ஆளின் போட்டோவைக் காட்டினாலும் சரி, பேரைச் சொன்னாலும் சரி, எழுதிக் காட்டினாலும் சரி, அதே செல்தான். அவள் தேடுவது அதற்கும் அடுத்த படி. பேரே சொல்லாமல் வெறுமனே 'அவர்' என்றோ 'அவள்' என்றோ ஒரு வாக்கியத்தில் வந்தால், யாரைச் சொல்கிறார்கள் என்று நமக்குப் புரிகிற அந்தக் கணத்தில் அந்தச் செல் துடிக்குமா?

"காதுல விழுற வார்த்தையும் உள்ள இருக்கிற ஞாபகமும் எங்க கைகோக்குதுன்னு பார்க்கிறோம் மேடம்."

"என் தலையில நடக்கிற கூத்து எனக்கும் கேக்கணும்" என்றேன். வழக்கம் இல்லை என்றாள். அப்படியானால் தலை கிடையாது என்றேன். மறுநாள் ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

என் வீட்டுக்காரர் ஒரு பை நிறையப் போட்டோ கொண்டுவந்தார். பாதிக்கு மேல் அவருடையதே. கம்பிக்காரி ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். அவர் மீசையோடு, மீசையில்லாமல், சலூன் வாசலில், என் காருக்குப் பக்கத்தில். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. என் காரைக் காட்டியபோதும் மௌனம்தான். அது எனக்கே கொஞ்சம் வருத்தம்.

"அந்த மீசை போட்டோவை இன்னொரு தடவை போடுங்க. அடையாளம் தெரிஞ்சிருக்காது" என்றார் அவர்.

போட்டாள். மௌனம்.

"ஸ்பீக்கர் வேலை செய்யுதா?"

"செய்யுது சார். கோடிக்கணக்கான செல் இருக்கு, நாங்க காது வச்சிருக்கிறது ரெண்டு மூணு செல்லுகிட்ட மட்டும்தான். உங்களுக்குன்னு ஆயிரக்கணக்குல வேற எங்கயோ துடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். நாங்க அந்தத் தெருவுல இல்ல, அவ்வளவுதான்."

"எந்தத் தெருவுல இருக்கேனோ" என்று முனகிக்கொண்டே அவர் குனிந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தார். "சரி, நீ சாப்பிடு. மேல் வீட்டுலேருந்து சூப் வந்திருக்கு."

பட். படபட படபட பட்.

மூடிய சட்டிக்குள் சோளம் பொரிகிற மாதிரி சத்தம். ஸ்பீக்கரிலிருந்துதான். கம்பிக்காரி பேனாவைக் கொண்டையிலிருந்து உருவியவள் சொருக மறந்துவிட்டாள்.

"இப்ப என்ன சொன்னீங்க சார்? திரும்பச் சொல்லுங்க!"

"சூப் வந்திருக்குன்னேன்."

மௌனம்.

"அப்படியே சொல்லுங்க, மொதல்லேருந்து."

"மேல் வீட்டுலேருந்து..."

படபட படபட.

அவள் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மேல் வீடு என்பது எங்கள் வீட்டின் மாடி. அங்கே இருப்பவள் என் கூடப்பிறந்தவள், எனக்கு நாலு வயசு மூத்தவள். பை, பெட்டிகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறாள். அவளை நான் கூப்பிட வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது, மூன்றே எழுத்து, ஊரில் உள்ள எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று வருஷமாக அதை நான் வாயில் எடுக்கவில்லை. இங்கேயும் இப்போதைக்கு எடுக்கப் போவதில்லை. நான் எடுக்காததால் வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. 'மேல் வீட்டுல தண்ணி வரலையாம்', 'மேல் வீட்டுக்கு ஜுரமாம்', 'மேல் வீடு சினிமாவுக்குப் போயிருக்கு' என்று வீட்டையே ஆளாக்கிப் பேசிப் பழகிவிட்டோம். அவளும் என்னைக் கீழ் வீடு என்றுதான் சொல்கிறாளாம்.

இது எதுவும் கம்பிக்காரிக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவள் ஒரு மடிக்கணினி நிறைய மாடிப்படிகளோடு வந்து நின்றாள். மரப்படி, இரும்புப்படி, வளைந்து வளைந்து ஏறும் படி, லிஃப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, ஏணி. ஒன்றுக்கும் பொரியவில்லை. அப்புறம் சூப் வகைகளைக் காட்டினாள். அப்புறம் பிளாஸ்க். தன் குறிப்பில் 'மாடிப்படி செல்?' என்று கேள்விக்குறியோடு எழுதி வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"மேடம், அன்னிக்கு சூப் வந்த பையைக் காட்டலாமா?" என்றாள்.

அந்தப் பைக்கு மஞ்சள் ஜிப். மேல் வீடு மாற்றின ஜிப். மேசைமேல் வைத்ததுதான் தாமதம், பொரிந்து தள்ளிவிட்டது.

"ஜிப் செல்!" என்று கூவினாள் கம்பிக்காரி. கொண்டு வந்த எல்லாப் படங்களையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி முழுக்க ஜிப் தேடிக்கொண்டு ஓடினாள். நர்ஸின் கைப்பை, காவலாளியின் சட்டை, யாரோ ஒரு நோயாளியின் தலையணை உறை என்று அள்ளிக்கொண்டு வந்தாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சிரிக்கச் சிரிக்க ஸ்பீக்கர் சும்மாவே இருந்தது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். வாசலில் வைத்து அவள் காதில் எதையோ ஓதிவிட்டார். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு விஷமம் இருந்தது.

"மேடம், இன்னிக்குப் படம் வேண்டாம். நான் வாக்கியம் படிக்கிறேன், நீங்க கேட்டா போதும். 'மெக்கானிக்கும் மேல் வீட்டம்மாவும் கடைக்குப் போனார்கள்.'"

பொரிந்தது.

"'அவன் ஒரு குடை வாங்கினான்.'"

மௌனம்.

"'அவள் குடையை மறந்துவிட்டு வந்தாள்.'"

படபட படபட பட்.

"குடைக்கா இருக்கும்" என்றேன்.

"மொதல் குடைக்கு வரலையே மேடம்." பேனா கொண்டைக்கும் கைக்குமாகப் பறந்தது. "பேர் சொல்லல, படம் காட்டல. வெறும் 'அவள்'. நான் இத்தனை நாளாத் தேடினது இதுதான்! சொல்லுங்க மேடம், அவங்க யாரு?"

"எவ?" என்றேன் நான், அலட்சியமாக.

ஸ்பீக்கர் என் சொந்த வாய்க்கே பொரிந்தது. என் வீட்டுக்காரர் அடக்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குட்டி ஸ்பீக்கரை வாங்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன், தலை மட்டும் சுவரோடு கட்டியிருக்காவிட்டால்.

அவள் செய்தது இதுதான். ஐம்பது வயசுக்கு மேல் கார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்து என்னிடம்தான் வந்தாள். அவளுக்கு இடது கால் லேசாக இழுக்கும், அதனால் கிளட்ச் அவளுக்குப் பரம எதிரி. வண்டி குலுங்கிக் குலுங்கி நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. ஒரு நாள் முன்னால் போன லாரி திடீரென்று பின்வாங்கியது. நான் பார்த்துவிட்டேன். 'பிரேக்' என்று சொல்ல வேண்டும். வார்த்தை வரவில்லை. காலும் வரவில்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி வெறுமனே அசைந்ததாம். அவள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானே வண்டியை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் எனக்கு இன்னொரு பாடம் இருந்தது. போகாதே என்றாள். போவேன் என்றேன். அவள் நேராக லைசென்ஸ் ஆபீஸுக்குப் போய், இந்த மாதிரி இந்த மாதிரி என்று சொல்லிவிட்டாள். நியாயம் அவள் பக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கட்டுமே. நியாயம் அவள் பக்கம் என்றால் கோபம் என் பக்கம் இருக்கக் கூடாதா?

அந்த வாரக் கடைசியில் சர்ஜன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"ஒரு நல்ல வலிப்பு பதிவாகணும், அப்பத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இதுவரைக்கும் பார்த்ததுல இடது பக்கம், ஆழத்துலதான் சந்தேகம்."

"கம்பிக்காரி காது வச்சிருக்கிற எடமா?"

"பக்கத்துலதான். வெட்டினா அதுவும் சேர்ந்து போகும். கொஞ்ச நாளைக்குச் சில வார்த்தைங்க, சில பேருங்க சட்டுன்னு வராது. பெரும்பாலும் திரும்பிடும்."

"அப்ப அந்தப் பொரியற செல்?"

"அது போயிடும். ஆனா ஒரு ஆளு ஒரே ஒரு செல்லுல குடியிருக்கிறதில்லைம்மா. எங்கெங்கயோ பரவி இருப்பாங்க. யாரையும் மறந்துட மாட்டீங்க."

அவர் போனதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக அவளை மண்டையிலிருந்து தூக்கி எறிய வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சமா? இதோ, மயக்க மருந்தோடு, படித்த டாக்டர் கையாலேயே வேலை முடியப் போகிறது. ஆனால் வரவில்லை. நான் ஒரு தடவைகூடக் கூப்பிடாத மூன்று வருஷமும் அந்தச் சின்னச் செல் உள்ளே தனியாக உட்கார்ந்து, யாராவது மேல் வீடு என்றால் போதும், படபடவென்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு ரோஷமே இல்லை. அதைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. காரும் வேண்டும், அதுவும் வேண்டும். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், அது உயிரோடு இருக்கும்போதே அவளை ஒரு தடவை அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் வரச் சொல்லி ஆள் அனுப்ப நான் என்ன இளைத்தவளா? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "மேல் வீட்டுல சொல்லுங்க, சூப்ல உப்பே இல்லன்னு."

"நேத்து நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"சொன்னதைப் போய்ச் சொல்லுங்க."

அவர் பையைக்கூட எடுக்காமல் ஓடினார். இருபது வருஷம் முடி வெட்டிய மனிதருக்கு வெட்டாமல் விட வேண்டிய இடமும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் கம்பிக்காரி மேசையருகே உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. திடீரென்று ஸ்பீக்கர் தானாகப் பொரிய ஆரம்பித்தது.

"மேடம், என்ன யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

பொரிவது நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. நடைவழியில் ஒரு செருப்புச் சத்தம். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. எனக்குத் தெரியும் முன்னே என் தலைக்குத் தெரிந்துவிட்டது. திரைச்சீலை விலகியது. கையில் உப்பு ஜாடியோடு நின்றாள்.

நான் ஏறெடுத்துப் பார்க்காத மூன்று வருஷத்தில் தலை நன்றாக நரைத்திருந்தது. என் தலையைப் பார்த்துவிட்டு ஜாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"உப்பு போட வந்தேன்" என்றாள்.

நான் பதிலுக்குச் சொல்ல எத்தனையோ வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். 'ஆபீஸுக்குப் போய்ச் சொல்லத் தெரிஞ்சவளுக்கு உப்பு போடத் தெரியலையா' என்று ஆரம்பித்து, மூன்று வருஷத்துக்கும் போதுமான அளவுக்கு இருந்தது. ஒன்றையும் எடுத்துவிட முடியவில்லை. ஸ்பீக்கர் அந்த அறையையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது.

"மொதல்ல அதை நிறுத்தும்மா" என்றேன் கம்பிக்காரியிடம்.

"மாட்டேன் மேடம்."

என் உடன்பிறந்தவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். "அது என்ன சத்தம்? ஏதாவது கெட்டுப் போச்சா?"

கம்பிக்காரி எழுந்து நின்றாள். "அது நீங்கதாம்மா" என்றாள்.

"நானா?"

"அவங்க தலைக்குள்ள நீங்க."

அவளுக்கு என்ன புரிந்ததோ, பக்கத்தில் வந்து குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள். அவள் நெருங்க நெருங்க அது இன்னும் வேகமாகப் பொரிந்தது. அவள் நிமிராமலே ஒரு பக்கமாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயசில் ஒளிந்து விளையாடும்போது மேசைக்கு அடியிலிருந்து சிரிப்பாளே, அதே சிரிப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தேன். முதல் எழுத்தும் நாக்குக்கு வந்துவிட்டது.

வார்த்தை வரவில்லை.

அவள் சிரிப்பு நின்றது. என் வாய் வெறுமனே மெல்லுவதை அந்த லாரிக்கு முன்னால் பார்த்தவள் அவள்.

"வருது! இது அதுதான், வருது!" என்று கத்திக்கொண்டே என் கையைப் பிடித்தாள். சுவரில் அலாரம் அடித்தது. நர்ஸ் ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கம்பிக்காரி "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கைதட்டினாளாம். பக்கத்து அறையிலிருந்துகூட யாரோ கைதட்டினார்களாம். வலிப்பு வந்ததற்கு ஒரு கூட்டமே சந்தோஷப்பட்டது எனக்கு மட்டும்தான் நடந்திருக்கும். அதைப் பார்க்க நான்தான் நினைவோடு இல்லை.

கண் விழித்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரின் பைக்கு ஜிப் சரிசெய்துகொண்டிருந்தாள். சர்ஜன் நினைத்த இடமேதான், ஆபரேஷன் சீக்கிரமே என்று முடிவாகிவிட்டது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நன்றாகத்தான் புரண்டது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் சொன்னால் பயந்துபோய்ச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? முடியட்டும், கெத்தாக எழுந்து உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் குணம் அப்படி. அதை எந்தக் கம்பியாலும் எடுக்க முடியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இந்தத் தடவை என் தலையை என் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்துத் தானே மழித்துவிட்டிருந்தார். நர்ஸுகளெல்லாம் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். மயக்கம் தெளிந்து பேச ஆரம்பித்ததும் சர்ஜன் ஒவ்வொரு பொருளாகக் காட்டினார். கடிகாரம் சொன்னேன். சாவி சொன்னேன். கரண்டிக்கு வார்த்தை வரவில்லை. "சூப்போட கை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"நான் யாரு?" என்று என் வீட்டுக்காரர் பயந்துகொண்டே கேட்டார்.

"மீசை வச்சா அடையாளம் தெரியாதவர்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் சர்ஜன் அவளைக் காட்டினார். "இவங்க?"

எனக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு இடது கால் இழுக்கும். சூப்பில் மிளகை அள்ளிக் கொட்டுவாள். எனக்காக லைசென்ஸ் ஆபீஸில் போய் நின்றாள். அவள் மழைக்குக் குடையை மறப்பாள், அவள் அழமாட்டாள், ஜாடியைக் கட்டிக்கொள்வாள். எல்லாம் இருந்தது, அந்த மூன்று எழுத்து மட்டும் இருந்த இடத்தில் இல்லை. மேசையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் இல்லை. உள்ளே தட்ட ஆளும் இல்லை. இருந்தபோது சொல்லாமல் விட்டேனே என்று எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

"மே... மேல்..." என்று திக்கினேன்.

"விடுங்க டாக்டர்" என்றாள் அவள். "மூணு வருஷமா வரலை, இன்னிக்கு மட்டும் வந்துடுமா?" என் மூக்கைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். "அடி அசடே, எனக்கென்ன அவசரம். நான் மாடியிலதானே இருக்கேன்."

"தேடிக்கிட்டே இருக்காதீங்க" என்றார் சர்ஜன். "தேடாதப்ப வரும்."

தேடாமல் இருக்க முடியுமா? படுக்கையில் கிடந்து ஒவ்வொரு எழுத்தாகத் துழாவினேன். கம்பிக்காரி வந்து பார்த்துவிட்டு, தன் ஆராய்ச்சிக்கு என் செல்தான் உயிர் என்று சொல்லி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்; ஆனால் சொல்லக் கூடாது என்று நான்தான் எல்லாரையும் கண்டித்து வைத்திருந்தேன். கற்றுக்கொடுத்துச் சொல்லவா நான் இத்தனை நாள் வைத்திருந்தேன்?

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. என் வீட்டுக்காரர் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அவள் தள்ளினாள். ஒரு கால் இழுப்பதால் நாற்காலி இடது பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று.

"நேராப் பிடி" என்றேன். "சுவரைப் பார்க்காத, போற எடத்தைப் பாரு."

"ஆரம்பிச்சுட்டா."

"கையை ஏன் இறுக்கிப் பிடிக்கிற? சூப் கிண்ணமா அது?"

"நடந்து வரியா நீ?"

இரண்டு பேருக்கும் குஷி தலைக்கேறிவிட்டது. வாசலுக்கு முன்னால் நடைவழி சரிவாக இறங்குகிறது. அவள் சிரித்துக்கொண்டே வேகம் கொடுத்தாள், எனக்கும் அந்த வேகம் பிடித்திருந்தது. காற்று என் மொட்டையில் பட்டது. சரிவின் அடியில் தரை துடைக்கிற அம்மாள் தன் வண்டியைக் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டி நிறையத் தண்ணீர் வாளிகள். நாற்காலியின் மிதிபலகையில் என் வலது கால் தானாகக் கீழே அழுந்தியது.

"அக்கா, பிரேக்!"

பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டாள். என் முழங்காலுக்கும் முதல் வாளிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. தரை துடைக்கிற அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலியைத் தள்ளியவள் கைப்பிடியை விடாமலே என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"என்ன சொன்ன?" என்றாள் மெதுவாக.

"பிரேக்குன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சொல்லிப் பார்த்தேன், இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன், அப்போதும் இருந்தது. "அக்கா. அக்கா. அடியே அக்கா!"

ஜாடியைக் கட்டிக்கொள்பவள், அழாதவள் என்றெல்லாம் சொன்னேன் அல்லவா? அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டு கையாலும். சரிவில்.

நாற்காலி நேராகப் போய் வாளிகளில் மோதியது. சோப்புத் தண்ணீர் என் மடியில் கொட்டியது, தரையெல்லாம் ஓடியது. அக்கா வழுக்கிக்கொண்டே பின்னால் வந்து என் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நனைந்த மடியோடு நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து மூட்டையோடு திரும்பி ஓடிவந்தார்.

"மொத பாடத்துலயே சொன்னேனா இல்லையாக்கா? ஹேண்ட்பிரேக் போடாம ஸ்டியரிங்க விட்டுக் கையை எடுக்காதன்னு!"